நாலு மூலையிலும் மஞ்சள்

எனக்கு வாய் ஜாஸ்தி. பெண் பார்க்க வந்தவர்களிடமே எங்கள் அப்பா, "பொண்ணு நல்லா சமைக்கும், கம்ப்யூட்டர் படிச்சிருக்கு, கொஞ்சம் பேசும்" என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். அந்தக் 'கொஞ்சம்' சுத்தப் பொய் என்று என் வீட்டுக்காரர் இளவரசு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் எங்கள் மேனேஜர் பொன்னுரங்கம் சாரைப் பற்றி நான் பேசும்போது காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது 2009இல். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். ஒரு தனியார் பால் கம்பெனியின் மாவட்ட ஆபீஸ். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்களுக்குப் போன் பேச முடியாது. மேனேஜர் ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான் ஆபீஸ். மற்றவர்கள் எல்லாம் பைக்கில் ஊர் சுற்றும் வேலை.

காட்டுமன்னார்கோயில், கம்மாபுரம், புவனகிரி என்று சுற்றுவட்டாரம் முழுக்க எங்களுக்குப் பால் சென்டர்கள் உண்டு. காலையில் எந்த சென்டரில் எவ்வளவு பால், கொழுப்பு எவ்வளவு, சாம்பிள் சரியா இல்லையா என்று எனக்குப் போனில் சொல்வார்கள். நான் அதை எக்செல்லில் ஏற்றி, டேபிள் போட்டு, மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு மெயில் அனுப்புவேன். அதைப் பார்த்துத்தான் எந்தப் பாலை ஏற்றலாம் என்று அவர்கள் சொல்வார்கள். சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் குளிரூட்டும் நிலையத்திலிருந்து டேங்கர் கிளம்பும்.

டேங்கர் கிளம்புவதற்கு முன்னால் ரிப்போர்ட் போக வேண்டும். அதனால் நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மகள் தேன்மொழி தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது அரைத் தூக்கத்தில் இருப்பாள். எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளை ஒரு நாள் என்னிடம் கேட்டது: "நாளைக்கும் எங்க வீட்டுக்கு வருவியாம்மா?" என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

சிதம்பரம் நிலையத்திலேயே ஒரு ஆபீஸ் நாற்காலி காலியாகக் கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எனக்கு அங்கே மாற்றல் வேண்டும். உலகத்தில் அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

பொன்னுரங்கம் சாரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "போயேன். யாரு வேணாங்கறது? ஆனா இந்த டேபிள யாரு போடுவா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் டேபிள் அப்படி இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். தலைப்பு வரிசைக்கு இளம்பச்சை. ஒரு வரி விட்டு ஒரு வரி லேசான நிறம், கண் வழுக்கி அடுத்த ஊருக்குப் போகாமல் இருக்க. ஊர்ப் பெயர் எல்லாம் இடப்பக்கம், எண் எல்லாம் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எத்தனை சென்டர் இருந்தாலும் ஒரே தாளில் அடங்கும். உச்சியில் பிள்ளையார் சுழி வேறு. தமிழ் எழுத்து இல்லாத ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தச் சுழி ஆங்கில 'சி'யாகத் தெரிந்து, "உங்க ரிப்போர்ட்டுக்கு நீங்களே சி கிரேடு போட்டுக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டது தனிக்கதை. சந்தேகமான பால் என்றால் கடைசிக் கட்டத்தில் 'சந்தேகம்' என்று ஆங்கிலத்தில் எழுத்தாலேயே எழுதிவிடுவேன். இப்படி நான் போட்ட டேபிளே எனக்குக் கால்கட்டு ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஹெட் ஆபீசில் புது ஏற்பாடு வந்தது. சென்டர்காரர்களே செல்போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட வேண்டும். கம்ப்யூட்டர் அதை வாங்கி, தானே எக்செல் டேபிள் போட்டு, தானே மெயில் அனுப்பிவிடும். அதைச் செய்துகொடுக்க ஒரு சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து சுரேந்தர் என்ற பையனை எங்கள் ஆபீசில் உட்கார வைத்தார்கள். ஒல்லியாக இருப்பான், நல்ல பையன். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டான்.

பொன்னுரங்கம் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மிஷினு போடுற டேபிளு நம்ம டேபிளு மாதிரியே வரட்டும். நான் சரின்னு கையெழுத்து போடுறேன். மக்காநாளே நீ சிதம்பரம் போ." எனக்கு வாயெல்லாம் பல். அன்று பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலியே தெரியவில்லை.

முதல் ரிப்போர்ட்டை சுரேந்தர் பிரின்ட் எடுத்து சார் மேஜையில் வைத்தான். சார் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"என்னா தம்பி இது? பாலச் சுத்தி வேலி கட்டி வச்சிருக்க?"

கட்டத்தின் அகலம் போதாவிட்டால் எக்செல் எண்ணைக் காட்டாமல் வேலிப்படல் மாதிரி குறியாகப் போட்டு நிரப்பிவிடும். லிட்டர் கணக்கு இருக்க வேண்டிய இடம் முழுக்க வேலி. தேதி இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்.

"இது என்னா, மாட்டுக் கணக்கா?"

"தேதி சார்" என்றான் சுரேந்தர்.

"எந்த ஊர்லப்பா நாப்பதாயிரமாந் தேதி வருது?"

போதாக்குறைக்கு எல்லா ஊரும் முதல் தாளில் இருக்க, புவனகிரி மட்டும் இரண்டாம் தாளில் அனாதையாக நின்றது. நானும் சிரித்தேன். அது நியாயமான குறைதானே! சுரேந்தரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, கட்டத்தை அகலமாக்கி, தேதியைத் தேதியாக்கி, புவனகிரியை முதல் தாளுக்கு அழைத்து வந்தான். இளம்பச்சைத் தலைப்பு, வரி விட்டு வரி நிறம், எல்லாம் என் டேபிளைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். சார்கூட, "பரவால்லியே" என்றார்.

அதற்குப் பிறகு சார் மெட்ராசில் ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து மனிதருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. தொட்டதெல்லாம் குற்றம்.

டேபிளைச் சுற்றி சுரேந்தர் தடிமனாகக் கறுப்புக் கோடு போட்டிருந்தான். அழகாக, எடுப்பாக இருந்தது. சார் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"யாருய்யா செத்துட்டா?"

"சார்?"

"நாலு பக்கமும் கறுப்பு கட்டியிருக்க? கருமாதி பத்திரிகையா அடிச்சிருக்க? ஒரு போட்டோ ஒட்டி 'கண்ணீர் அஞ்சலி'ன்னு போட்டா பஸ் ஸ்டாண்டு செவுத்துல ஒட்டிடலாம்."

கறுப்பு பச்சையானது. மறுநாள் மொத்தக் கணக்கு சைபரில் முடிந்திருந்தது. அதுவும் ஆகாதாம்.

"மொய் எழுதுனாக்கூட நூத்தியொண்ணுன்னுதான்டா எழுதறோம். மொத்தம் சைபர்ல முடிஞ்சா வெளங்குமா? ஒண்ணு சேத்துப் போடு."

சுரேந்தர் பாவம், முகம் வெளிறிப்போய்விட்டான். "சார், இல்லாத ஒரு லிட்டர் பாலுக்கு நான் எங்க சார் போறது?"

கடைசியில் புள்ளி வைத்து அதற்கு அடுத்த எண்ணையும் காட்டித் தப்பித்தான். அடுத்து, மொத்தம் ஏன் அடியில் கிடக்கிறது, தனக்கு முதலில் மொத்தம்தான் தெரிய வேண்டும், மேலே கொண்டு வா என்றார். மேலே கொண்டுபோனான். இப்போது கடைசி வரிசையில் புவனகிரி நின்றது. அதற்குப் பிறகு எழுத்து சின்னதாம், பெரிதாக்கினால் பெரிதாம். டீ வாங்கிவரப் போகிற சாக்கில் நானும் சுரேந்தரும் மாடிப்படியில் நின்று சாரை மாதிரியே பேசிப் பேசிச் சிரிப்போம். சிரித்துவிட்டு மேலே வந்தால் எனக்கு வயிறு எரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது எங்கள் ஆபீசைப் பார்த்துத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. ஹெட் ஆபீசே மிஷினைக் கொடுத்துவிட்டது, இந்த மனுஷர் ஒரு கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்!

கடைசியாக ஒரு நாள் அவரால் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன்.

"மஞ்சள் எங்க?" என்றார்.

"என்னா மஞ்சள் சார்?"

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறோம். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவாம எப்படி? கல்யாணப் பத்திரிகைக்குத் தடவல? புதுக் கணக்கு நோட்டுக்குத் தடவல?"

"தாள்ல நானே தடவித் தர்றேன் சார். வீட்லேருந்து மஞ்சத்தூள் கொண்டாறேன்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெயில்ல போறதுக்குத் தூள எப்படித் தடவுவ?"

அதற்கும் சுரேந்தர் அசரவில்லை. டீ ஆறுவதற்குள் டேபிளின் நாலு மூலைக் கட்டத்துக்கும் மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டான். மேலே இரண்டு, கீழே இரண்டு. இனிமேல் தினமும் அதுவாகவே மஞ்சள் வைத்துக்கொண்டு வரும் என்று பெருமையாகச் சொன்னான். மங்களகரமாகத்தான் இருந்தது. சார் முகம்தான் செத்துப்போயிற்று.

"இன்னிக்கி கரிநாளு. நாளைக்கிப் பாக்கலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "சார், என் பொண்ணு என்னைய விருந்தாளின்னு நெனச்சிக்கிட்டிருக்கு சார். நாளைக்கும் வருவியான்னு கேக்குது. உங்களுக்கு என்னா சார், உங்களுக்கு வீடு இங்கியே இருக்கு. ஒரு கையெழுத்து. அதுக்கு எத்தினி கருமாதி, எத்தினி கரிநாளு!" என்று கத்திவிட்டேன். கீழே பாத்திரக் கடையில் அண்டா தட்டுவதுகூட நின்றுபோயிற்று. சார் ஜன்னல் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது சுரேந்தர் போன் பண்ணினான்.

"அக்கா, எங்க கம்பெனியில என் கழுத்தப் புடிக்கறாங்க. நாளைக்கிக் காலையில ரிப்போர்ட்டு தானா மெட்ராசுக்குப் போற மாதிரி வச்சிட்டேன். ட்ரையல்னு சொல்லிக்கலாம். சாருகிட்ட கையெழுத்த அப்பறம் வாங்கிக்கலாம். நீங்க முதல் பஸ்ஸப் புடிக்க வேணாம், நிம்மதியா தூங்குங்க."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தூங்குங்க என்ற வார்த்தையைக் கேட்டதும் வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் தேன்மொழி கண் விழித்தபோது நான் பக்கத்தில் படுத்திருந்தேன். முதலில் மிரண்டாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கி பஸ்ஸு ஓடலியாம்மா?" என்றாள். பல் தேய்த்துவிட்டு, இரட்டைச் சடை பின்னி, தோசை ஊற்றிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாளோ இல்லையோ, வாய் ஓயாமல் பேசினாள். வாய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. இதுதான் இனிமேல் தினமும் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. புவனகிரி சென்டரைப் பார்த்துக்கொள்ளும் திலகவதி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்குக் குறையாத வாய்.

"ஏண்டி லேகா, எங்க பால்ல என்னாடி கொறையக் கண்ட?"

"என்னாடி சொல்ற?"

"புவனகிரி பால ஏத்தக் கூடாதுன்னு மெட்ராசுலேருந்து உத்தரவாம். டேங்கர் போவாம நிக்குதாம். இங்க பால் ஊத்துன சனமெல்லாம் சென்டரு வாசல்ல கூடியிருக்கு. திலகவதி தண்ணி கலந்துட்டான்னு பேசறாங்கடி. என் மானம் போவுது!"

தோசைக் கல்லை இறக்கிவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சொல்லி வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டிய புடவையோடு குளிரூட்டும் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே பொறுப்பாளர் கொளஞ்சியப்பன், புவனகிரிப் பால் இருந்த தொட்டியை மூடி வைத்துவிட்டு அதற்குக் காவல் போல உட்கார்ந்திருந்தார்.

"உத்தரவு வராம ஒரு சொட்டு ஏத்த மாட்டேம்மா. நீயே அங்க பேசு" என்று ஆபீஸ் போனைக் காட்டினார்.

பேசினேன். ஹெட் ஆபீசில் தரம் பார்க்கிற ஆபீசர் எடுத்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

"கடைசி வரியைப் பாருங்கம்மா. சென்டர் பேரும் மஞ்சள், கடைசிக் கட்டமும் மஞ்சள். மத்த மாவட்டத்துல எல்லாம் சந்தேகமான பாலை மஞ்சள்லதானே காட்டறாங்க? அதான் நிறுத்தச் சொன்னேன்."

நாலு மூலையில் கீழ் இரண்டு மூலையும் விழுந்தது புவனகிரி தலையில்! என் டேபிளில் கடைசி வரிசை மொத்தக் கணக்காக இருந்தது. அதை மேலே தூக்க வைத்தாரே மகானுபாவர்!

"சார், அது மஞ்சள் சார்" என்றேன்.

"தெரியுதும்மா. அதனாலதானே நிறுத்தினேன்."

"இல்ல சார், அது நெஜ மஞ்சள். மங்களத்துக்கு வைக்கறது. நாலு மூலையிலயும் வச்சிருக்கு பாருங்க."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "மேனேஜர் நேர்ல வந்து சாம்பிளைப் பார்த்து என்கிட்ட சொல்லட்டும். நீங்க யாரு பேசறது?" என்றார்.

"சந்திரலேகா சார். கடலூர் ஆபீஸ்ல ரிப்போர்ட் போடறது நான்தான்."

"ஓ. அந்தப் போஸ்ட்டா? தானா ரிப்போர்ட் வந்ததும் அந்தப் போஸ்ட்டையும் சிதம்பரத்துல காலியா கிடக்கற போஸ்ட்டையும் எடுத்துடறதா போன மீட்டிங்லயே உங்க மேனேஜர்கிட்ட சொல்லியாச்சே. நீங்க இன்னும் இருக்கீங்களா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பால் கேன் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிதம்பரமும் இல்லை, கடலூரும் இல்லை. மிஷின் டேபிளுக்குக் கையெழுத்து விழுந்த அன்றைக்கே எனக்கு வீடுதான். இதற்காகவா நான் பேனாவைத் திறந்து நீட்டினேன்!

முதலில் கோபம் பொன்னுரங்கம் சார் மேல்தான் வந்தது. தெரிந்தும் சொல்லவில்லையே, பாவி மனுஷன்! நான் சிதம்பரம் சிதம்பரம் என்று குதித்ததை எல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரே! கொளஞ்சியப்பன் அவருக்குப் போன் போட்டுச் சொன்னார். நான் அவர் வரட்டும் என்று காத்திருந்தேன். நாலு கேள்வி நாக்கின் நுனியில் வைத்திருந்தேன்.

வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தலை வாரவில்லை. என் பக்கம் பார்க்காமலே நேராகப் போய் சாம்பிளை எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், கொழுப்பு பார்க்கிற மிஷினில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் பேசியதுதான் கேட்டது.

"வணக்கம் சார், பொன்னுரங்கம்... பாலு பாலாத்தான் இருக்கு சார், ஒரு கொறையும் இல்ல... மஞ்சளா? நான்தான் சார் வைக்கச் சொன்னேன்... ஆமா சார், நாலு மூலையிலயும்... இல்ல சார், எனக்கு ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... கையெழுத்தா? என் சம்மதத்துலதான் சார் அனுப்புனாங்க. அந்தப் புள்ளைங்க மேல ஒண்ணும் இல்ல... சரிங்க சார், விளக்கம் எழுதிக் குடுக்கறேன்."

அத்தனை பெரிய பொய்யை அவர் கண் சிமிட்டாமல் சொன்னார். எனக்குக் கேள்வி எல்லாம் தொண்டையில் இறங்கிவிட்டது. அவர் இன்னும் போனை வைக்கவில்லை.

"ஒண்ணு சொல்லிக்கறேன் சார். மிஷினு நாம சொன்னத அப்படியே செய்யுது. நான் கிறுக்குத்தனமா ஒண்ணு சொன்னா அதையும் செய்யுது. அது போட்ட டேபிள ஒரு ஆளு கண்ணால பாத்து சரின்னு சொன்ன பொறகுதான் உங்களுக்கு வரணும். இன்னிக்கி அப்படி ஒரு ஆளு பாத்திருந்தா புவனகிரிக்காரன் வாசல்ல வந்து நின்னிருக்க மாட்டான்... ஆமா சார்... அந்த ஆளு கடலூர்ல ஒக்காந்து என்னா பண்ணும்? பால் ஏத்தற எடத்துல இருக்கணும். சிதம்பரத்துல... புது ஆளு எதுக்கு சார்? இருக்கற ஆளு போதும்... அதையும் எழுதித் தர்றேன் சார். இன்னிக்கே தர்றேன்... சரி சார். ரொம்ப சந்தோஷம் சார்."

போனை வைத்துவிட்டு, "ஏத்துய்யா" என்று கொளஞ்சியப்பனிடம் சொன்னார். கொளஞ்சியப்பன் தொட்டியைத் திறந்தார். நான் திலகவதிக்குப் போன் பண்ணி, பால் கிளம்புகிறது, உன் மானம் திரும்பி வருகிறது என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தகாது.

சார் கடலூர் பஸ் ஏற வேண்டும். நானும் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. நான் பேசாமல் நடந்தது அவருக்கே பயமாக இருந்திருக்க வேண்டும், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

பஸ் நின்றிருந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னா பண்ணியிருப்ப?"

"என்னாவோ பண்ணியிருப்பேன். ஒங்கள அப்படியெல்லாம் பேசாமயாவது இருந்திருப்பேன்."

"இத பாரு சந்திரலேகா. ஒன் வேல போவாம இருக்கணும்னா, மிஷினு டேபிளு உருப்படக் கூடாது. தெனம் ஒரு கொற சொல்லணும். நல்லா இருக்கறத நல்லால்லன்னு சொல்லணும். அது ஒன்னால ஆவுமா? ஒரு கோடு கோணலா இருந்தா ஒனக்கு சோறு எறங்காது. சொல்லியிருந்தா நீ ராவும் பகலும் அழுதுக்கிட்டே அந்த டேபிள அந்தத் தம்பிக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருப்ப. அதான், கிறுக்கன் வேலைய நான் பாத்துக்கறேன்னு எடுத்துக்கிட்டேன். அதுலயும் நேத்திக்கி சரக்கு தீந்துபோச்சு."

"நாங்க மாடிப்படியில ஒங்களப் பத்திப் பேசுனது..."

"எல்லாம் உள்ள கேக்கும். அந்தத் தம்பி என்ன மாதிரி நல்லாவே பேசறான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷரையா நான் அத்தனை பேச்சுப் பேசினேன் என்று வெட்கமாக இருந்தது. அத்தனையும் கேட்டுக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தாரே! நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன என் வாய், அதற்குப் பழக்கமில்லாதது. "போங்க சார்! நல்லா நடிச்சீங்க! ஒரு மாசமா என்னைய இப்படிக் கத்த வுட்டு வேடிக்க பாத்தீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க!" என்று அத்தனை பேர் நடுவில் அழுதுகொண்டே கத்தினேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பொன்னுரங்கம் சார் மட்டும் என்னைப் பார்க்காமல், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிறவர் போலச் சட்டைப் பாக்கெட்டை ரொம்ப நேரம் துழாவிக்கொண்டிருந்தார்.